கிரைண்டர், சானாய், சாணை

கோலாலம்பூரில் செந்தூல், ஈப்போ சாலைப் பக்கம் கேட், கிரில் செய்யும் பட்டறைகளில் "அந்த நாலு இஞ்சு கிரைண்டரை எடு" என்றால் யாருக்கும் புரியும். இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டும் அந்த மின்கருவிக்கு மலாயில் பெயர் 'மெசின் சானாய்'. தமிழில் எழுத வேண்டி வந்தால் மட்டும் தடுமாறி, 'அரவை இயந்திரம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது பொருந்தாது.

ஆங்கிலத்தில் மாவு அரைப்பதற்கும் கத்தி தீட்டுவதற்கும் 'கிரைண்ட்' என்ற ஒரே வினைதான். நம்மிடம் அப்படி இல்லை. மிளகாய் அரைக்கிறோம், மாவு திரிக்கிறோம், கத்தியைத் தீட்டுகிறோம், இரும்பை அராவுகிறோம், அரிவாளைச் சாணை பிடிக்கிறோம். சுழலும் கல்லில் இரும்பை வைத்துத் தேய்த்தால் அது சாணைதான். வடமொழியில் 'சாண' என்றாலும் தீட்டுகல்தான். அங்கிருந்து வந்து பல நூற்றாண்டாகத் தமிழில் ஊறிய சொல் இது.

மலாயின் சானாயும் இதுவே. நம் சாணைதான் கடல் கடந்து மலாயில் குடியேறியிருக்கிறது. அங்கே தீட்டுதல், மெருகேற்றுதல் என்ற பொருளோடு மாவைத் தேய்த்து மெலிதாக்குவதும் சேர்ந்துகொண்டது. ரொட்டி சானாய் (மலேசியப் பரோட்டா) என்ற பெயருக்குச் சென்னையைக் காரணம் காட்டுவோர் உண்டு. மலாய் அகராதிப் பொருளே எனக்குப் போதுமானதாகப் படுகிறது. பட்டறையில் அன்றாடம் புழங்கும் மலாய்ச் சொல்லுக்குள் நம் சொல்லே இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆகவே பேச்சில் 'கைச்சாணை', பாடநூலில் 'கோணச் சாணை' என்று வைத்துக்கொள்ளலாம். கோணம் ஏன்? மோட்டாரின் தண்டு நீளவாக்கில் சுழல, தலைப்பகுதியில் உள்ள பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பித் தட்டுக்குத் தருகின்றன. அதிவேகக் கோணச் சாணையை 1954-இல் ஒரு ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்தது. ஃபிளெக்ஸ் என்ற அதன் வணிகப் பெயரையே ஜெர்மானியர் கருவிக்கும் வைத்துவிட்டார்கள்.

இதில் மாட்டும் தட்டு முக்கியமாக இரண்டு வகை. சாணைத் தட்டு தடிமனானது, இரும்பின் மேல் படுக்கவைத்துத் தேய்க்க. வெட்டுத் தட்டு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும், விளிம்பால் வெட்ட மட்டும். இரண்டையும் 'டிஸ்க்' என்றே சொல்லிப் பழகிய புதுப் பையன், வெட்டுத் தட்டின் பக்கவாட்டால் பிசிறைத் தேய்க்கப் போவான், அது சிதறும். பெயரைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது இங்கே கையையும் கண்ணையும் காப்பாற்றும் வேலை.

தட்டு மாற்றும்போது முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தலையிலுள்ள பூட்டுப் பொத்தானைத் தண்டு முழுதாக நின்ற பிறகே அழுத்தணும். நல்ல தட்டின் நடு உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். தட்டின் துகள்களை ஒட்டவைக்கும் பிசின் பழசானால் பிடிப்பு போய்விடும். அப்புறம் வேகம். நாலு இஞ்சுத் தட்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், கருவி 11,000 அல்லது 12,000-இல் ஓடும். சரி. ஆனால் தட்டை மறைத்திருக்கும் காப்பைக் கழற்றிவிட்டு அதே கருவியில் ஏழு இஞ்சுத் தட்டை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தட்டு தாங்குவது ஏறத்தாழ 8,500 சுற்றுதான். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

தட்டை இறுக்கும் மேல் நட்டின் ஒரு பக்கம் மேடாக இருக்கும். தடித்த தட்டுக்கு அந்த மேடு துளைக்குள் போக வேண்டும். மெல்லிய தட்டுக்கு நட்டைத் திருப்பித் தட்டையான பக்கத்தை வைக்கணும், இல்லாவிட்டால் பிடிக்காது. காப்பு உங்களுக்கும் தட்டுக்கும் நடுவில், பக்கப்பிடி இறுக்கமாக, முகத்தில் கண்ணாடி. புதுத் தட்டை, அது சுழலும் நேர்கோட்டில் நிற்காமல், ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். ஆட்டம் தெரிந்தால் நிறுத்திக் கழற்றி, சரியாகப் பொருத்திப் பாருங்கள். திரும்பவும் ஆடினால் அந்தத் தட்டை உடைத்துக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி.