தயிர் பொங்குவதில்லை, மாவு ஏன் பொங்குகிறது?

"தயிரும் புளிக்கிறது, இட்லி மாவும் புளிக்கிறது. மாவு மட்டும் ஏன் பொங்கி வழிகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் குளுக்கோஸ் என்ற சர்க்கரையை உடைத்துத்தான் பிழைக்கின்றன. குளுக்கோஸ் உடைந்து பைருவேட் என்ற மூன்று கார்பன் துண்டுகள் இரண்டு ஆகும், உயிரணுவுக்கு நிகர லாபம் 2 ஏ.டி.பி. (உயிரணு செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) என்பது பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது.

குளுக்கோஸ் உடையும்போது கழலும் ஹைட்ரஜனை என்.ஏ.டி. என்ற மூலக்கூறு சுமந்துகொள்கிறது. உயிரணுவுக்குள் அது கொஞ்சம்தான் உண்டு. எல்லாமே தலையில் சுமையோடு நின்றுவிட்டால் அடுத்த குளுக்கோசை உடைக்க ஆளில்லை. ஆக்சிஜன் இருந்தால் சுமை கடைசியில் அதனிடம் போய்ச் சேரும். இல்லாதபோது? அந்தக் காலத்தில் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்களே, அப்படி ஒன்று வேண்டும். பக்கத்திலேயே இருப்பது பைருவேட். சுமையை அதன்மேல் இறக்கினால் அது லாக்டிக் அமிலமாகிவிடும், என்.ஏ.டி. அடுத்த நடைக்குத் தயார். நொதித்தல் என்பது இந்தச் சுமை இறக்கும் வேலைதான். வேகமாக ஓடும்போது நம் தசையிலும் இதேதான் நடக்கிறது.

தயிரில் இந்த வழிதான். ஒரு கார்பன்கூட வாயுவாக வெளியேறுவதில்லை, அதனால் தயிர் அசையாமல் உறைகிறது. கள்ளில் இருக்கும் ஈஸ்ட் வேறு மாதிரி: பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு, மிச்சத்தின்மேல் சுமையை இறக்கி எத்தனால் ஆக்குகிறது. கள் நுரைப்பது அதனால்தான்.

இட்லி மாவைப் பொங்க வைப்பது முக்கியமாக லூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. குளுக்கோசின் 6 கார்பனில் ஒன்றை முதலிலேயே வாயுவாக விட்டுவிடுகிறது. மீதி ஐந்தை மூன்றும் இரண்டுமாக வெட்டுகிறது. மூன்று கார்பன் துண்டு லாக்டிக் அமிலமாகிறது. இரண்டு கார்பன் துண்டு சுமையை வாங்கிக்கொண்டு எத்தனால் ஆகிறது. கிடைப்பது 1 ஏ.டி.பி.தான். ஆனால் புளிப்பும் வாயுவும் ஒரே உயிரணுவிலிருந்து வந்துவிடுகின்றன!

இந்த பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடுமே வீட்டுக்குள் வருகிறது. மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் மாவு கெட்டுவிடும் என்று இன்னும் சில வீடுகளில் ஒதுக்கி வைக்கிறார்கள். அதில் துளியும் உண்மையில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வாயு வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்கவும் வேண்டும். அது உளுந்தின் வேலை. அதன் புரதமும் வழவழப்பான பசையும் சேர்ந்து ஒவ்வொரு குமிழையும் உறைபோல மூடிக்கொள்கின்றன. காலையில் மாவைக் கலக்கும் முன் கரண்டியால் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். தேன்கூடு மாதிரி தெரியும் அத்தனை துளைகளும், ராத்திரி முழுக்க அந்த பாக்டீரியா கழற்றிவிட்ட கார்பன்.