சப்டைட்டிலைப் படத்தின் மேல் பதித்துவிடாதீர்கள்

பழைய விஎச்எஸ் கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தருவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா, தன் மாமனாரின் அறுபதாம் கல்யாண டிவிடியோடு வந்தார். தாத்தா தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லும் இருபது நிமிடம் அதில் இருக்கிறது. கனடாவில் வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்பதால், வேறோர் இடத்தில் ஆங்கில சப்டைட்டில் போட்டு வாங்கியிருந்தார்கள். அதில் பாட்டியின் பெயரே தப்பு, ஊரின் பெயரும் தப்பு. இதை அழித்துவிட்டுச் சரியாகப் போட முடியுமா என்று கேட்டார். எழுத்துகளைப் படத்தின் மேலேயே பதித்திருந்தார்கள், அழிக்க வழியில்லை. கேசட்டும் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டது.

இப்படிப் பதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு டிவிடியில் 32 சப்டைட்டில் தடங்கள் வரை தனியாக வைக்கலாம். பார்ப்பவர் ரிமோட்டில் வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். ஆங்கிலம் ஒரு தடம், காது மந்தமான பெரியவர்களுக்குத் தமிழ் இன்னொரு தடம் என்று வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும்.

தமிழ் எழுத்து பழைய பிளேயரில் வருமா என்று பலர் கேட்கிறார்கள். வரும். டிவிடி சப்டைட்டிலை எழுத்தாக வைப்பதில்லை, சின்னச் சின்னப் படங்களாகத்தான் வைக்கிறது. அதனால் பிளேயருக்குத் தமிழ் எழுத்துரு தேவையில்லை. ஆனால் எழுத்தைப் படமாக்கும் மென்பொருளுக்குத் தமிழ் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். சிலவற்றில் 'கொ' என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ', 'கை' உள்ள ஒரு வரியை முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு டிஸ்க்கை எழுதுங்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் வரிகளைப் படமாக்கியே எடுத்துக்கொள்ளலாம்.

வசனங்களை எஸ்ஆர்டி கோப்பாக எழுதுவதுதான் எளிது. வரிசை எண், தொடங்கும் முடியும் நேரங்கள், அப்புறம் வசனம், அவ்வளவுதான். சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையாக யூடிஎஃப்-8 (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆன்சி (ANSI) என்ற பழைய முறையில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப வராது. ஓர் இரவு முழுக்க அடித்ததை நானே இப்படி இழந்திருக்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள். பழைய டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும், எனவே கீழே இடம் விடுங்கள். வீடியோவை வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகே நேரங்களைக் குறியுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய இடத்திலிருந்து எல்லா வரிகளும் தள்ளிப் போகும். கனடா, அமெரிக்காவுக்கு அனுப்புவதென்றால் என்டிஎஸ்சி (NTSC) என்ற அந்த ஊர் டிவி முறையில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் பால் (PAL) முறை டிஸ்க் அங்கே பல பிளேயர்களில் ஓடாது.

வேலை முடிந்ததும் எஸ்ஆர்டி கோப்பையும், சப்டைட்டில் இல்லாத வீடியோவையும் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் வையுங்கள். டிவிடி போன பிறகும் அவை உதவும்.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் தப்பான வரிகளின் மேல் கறுப்புப் பட்டை வைத்து, அதில் பாட்டியின் பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்தேன். தாத்தா பேசும்போது மடியில் அசையும் அவருடைய கைகள் அந்தப் பட்டைக்குப் பின்னால் மறைந்துவிட்டன.