பசித்தால் ஒன்றுகூடும் அமீபா

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்: "ஒரு செல் உயிரி, பல செல் உயிரி என்று புத்தகத்தில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். ரெண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாதா சார்?"

இருக்கிறது. அட்டவணையில் உள்ளதை வேகமாகத் தாண்டிவிடுவோம். அமீபாவுக்கு ஒரே செல். தின்பது, கழிப்பது, பெருகுவது எல்லாம் அதன் பாடு. நம் உடலிலோ 30 லட்சம் கோடி செல்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அளவை வைத்து மட்டும் பிரித்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் வளரும் காலர்ப்பா என்ற கடற்பாசி கையில் அள்ளும் அளவுக்குப் பெரியது. ஆனாலும் குறுக்குச் சுவரே இல்லாத ஒற்றைச் செல், உள்ளே ஏராளமான உட்கருக்கள்.

சரி, அந்த நடு ஆளுக்கு வருவோம். பெயர் டிக்டியோஸ்டீலியம். 1930களில் அமெரிக்காவின் வட கரோலினா காட்டு மண்ணிலிருந்து கென்னத் ரேப்பர் என்பவர் பிரித்தெடுத்த அமீபா. பாக்டீரியா கிடைக்கும்வரை தனித்தனியாகத் தின்று, இரண்டிரண்டாகப் பிரிந்து வாழும். உணவு தீர்ந்தால்தான் வேடிக்கை தொடங்கும்.

பசித்த செல் ஒன்று சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை வெளியே விடுகிறது. அது அக்கம்பக்கத்துச் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில், அதாவது செய்தியைப் பிடிக்கும் புரதங்களில், போய் ஒட்டுகிறது. உடனே செய்தி கிடைத்த செல் ஒவ்வொன்றும் இரண்டு வேலை செய்யும்: சமிக்ஞை வந்த திசையில் நகரும், தானும் அதே மூலக்கூறை உற்பத்தி செய்து வெளியே விடும். ஊரில் ஒருவர் குரல் கொடுக்க, அடுத்த தெருக்காரர் அதை வாங்கி அதற்கடுத்த தெருவுக்குக் கத்துவது மாதிரி செய்தி வெளிப்பக்கமாகப் பரவும், கேட்டவர்கள் எல்லாம் உள்பக்கமாக நடப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனித்தீர்களா? அலை ஒரு செல்லைத் தாண்டிப் போனதும், மூலக்கூறு அதன் முதுகுப் பக்கம் அதிகமாக இருக்கும். அப்படியானால் செல் திரும்பி அலையின் பின்னால் ஓட வேண்டுமே! ஓடுவதில்லை. ஒருமுறை சமிக்ஞையைக் கேட்ட செல் சில நிமிடங்களுக்குச் செவிடாகிவிடுகிறது. அதனால் அலை பின்வாங்குவதும் இல்லை. இதற்கிடையே செல்கள் வெளியே சுரக்கும் ஒரு நொதி மிச்சமிருக்கும் மூலக்கூறுகளைச் சிதைத்துத் துடைத்து வைக்கிறது. சுமார் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அடுத்த அலை தெளிவாகக் கேட்க வேண்டும் அல்லவா? தட்டில் வளர்த்து, ஒளியைச் சாய்த்துப் பார்த்தால் இந்த அலைகள் வளையங்களாகவும் சுருள்களாகவும் விரிவது தெரியும். மூளையோ தலைவனோ இல்லாமல், கேள், நகர், கத்து, காதை மூடு என்ற நான்கே விதிகளில் இத்தனையும் நடந்துவிடுகிறது. எனக்கு இது அலுத்ததே இல்லை.

இந்த அமீபாவால் யாருக்கு என்ன லாபம் என்று நிதி கேட்கும் இடத்தில் கேட்பார்கள். இதே சைக்ளிக் ஏ.எம்.பி.தான், அட்ரினலின் வந்து தட்டும்போது நம் கல்லீரல் செல்லுக்குள்ளும் செய்தி சொல்கிறது. அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளையணு கிருமியைத் தேடி ஊர்ந்து போவதைப் புரிந்துகொள்ளவும் இந்த அமீபா நிறைய உதவியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வித்யானந்த் நஞ்சுண்டையா பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். பயனை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்பது, என் பார்வையில், அறிவியலைப் புரிந்துகொள்ளாதவர்களின் விதி.

சரி, ஒன்றுகூடிய அமீபாக்களுக்கு அப்புறம் என்ன ஆகும்? ஒரு லட்சம் செல்கள் வரை ஒட்டிக்கொண்டு, சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓடில்லா நத்தைபோல வெளிச்சத்தை நோக்கி ஊரும். பிறகு நிமிர்ந்து நிற்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செல்கள் விறைத்துக் காம்பாகிச் செத்துப்போகும். மற்றவை உச்சியில் வித்துகளாகிப் பிழைக்கும். பட்டினி தொடங்கி ஒரு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு செல் உயிரியில் சந்ததி விடும் வாய்ப்பு எந்தச் செல்லுக்கும் உண்டு. நம் தோல் செல்லுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆனாலும் அதற்கு நஷ்டமில்லை; உடல் முழுக்க ஒரே கருவுற்ற முட்டையிலிருந்து வந்தது, அதே மரபணுக்கள்தான் கருமுட்டை அல்லது விந்தணு வழியே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. டிக்டியோஸ்டீலியத்தின் கூட்டத்திலோ அந்நியர்களும் சேரலாம். காம்பு வேலையைத் தட்டிக்கழித்து வித்தாக மட்டுமே ஆகப் பார்க்கும் ஏமாற்றுக்கார வகைகளும் உண்டு. நமக்குள் கட்டுப்பாட்டை மீறித் தன் பெருக்கத்தை மட்டும் பார்க்கும் செல்லுக்குப் புற்றுநோய் என்று பெயர். ஏமாற்றுக்காரர்களைச் சமாளிக்க இந்த அமீபாவும் ஒரு வழி வைத்திருக்கிறது: செல்களின் மேற்பரப்பில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இரண்டு புரதங்கள் உள்ளன. அவை பொருந்தும் உறவுக்காரச் செல்களோடுதான் அது இறுக ஒட்டிக்கொள்ளும்.