கசரோல்: சட்டியின் பெயரால் வந்த கறி

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுப் பல்கனியில் சாடிகளில் நாலு கத்தரியும் இரண்டு தக்காளியும் நிற்கின்றன. ஒரே கிழமையில் எல்லாம் காய்த்துவிட்டால், மூடியுள்ள சட்டியொன்றில் அடுக்கிப் போறணைக்குள் (ஓவனுக்குள்) வைத்துவிடுவேன். "அம்மா, கசரோலுக்குத் தமிழில் என்ன?" என்று மகள் கேட்டதிலிருந்து இந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு போனேன்.

கசரோல் பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் 'காஸ்' என்றால் சட்டி. கசரோல் என்றால் சின்னச் சட்டி. இன்னும் பின்னால் போனால், கரண்டியைக் குறித்த இலத்தீன் 'கத்தியா'வும், அதற்கும் முன் வைன் மொள்ளும் கிரேக்கக் கிண்ணமான 'கியாதொஸ்'ஸும் வருகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அது பாத்திரத்தின் பெயர்தான். உள்ளே வெந்த உணவுக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிறகு. பிரெஞ்சுக்காரருக்கு இன்றும் கசரோல் என்றால் கைபிடி வைத்த சட்டிதான். நாங்களோ சோற்றைச் சூடாக வைக்கும் மூடிப்பாத்திரத்தையும் அப்படித்தான் சொல்கிறோம்.

பாத்திரம் உணவுக்குப் பெயராவது எங்களுக்கும் பழக்கம். குழலில் அவித்தால் குழல் பிட்டு, சிரட்டையில் அவித்தால் சிரட்டைப் பிட்டு. எங்கள் 'சட்டி'யை ஆங்கிலேயரும் மண்பாண்டத்துக்கான சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருக்க, கசரோலை 'கலவை உணவு' என்று மொழிபெயர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவியலும் கலவைதான், சாம்பாரும் கலவைதான்.

இதில் முக்கியம், மூடிய சட்டியைச் சுற்றிலும் மெல்ல ஏறும் சூடு. 'வெதுப்பு' என்ற சொல் அதையே சொல்கிறது; வெதுவெதுப்பும் அதே வேர். இலங்கையில் பேக்கரியை வெதுப்பகம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆகவே பாத்திரம் வெதுப்புச்சட்டி, உணவு வெதுப்புக்கறி. வீட்டில் 'போறணைக் கறி' என்றாலும் சரி. போறணை போர்த்துக்கேயரின் 'ஃபோர்னு'விலிருந்து வந்ததுதான், ஆனாலும் பாண் மாதிரி அதுவும் எங்கள் சொல்லாகிவிட்டது.

செய்வது சுலபம். அடியில் வெங்காயம், மேலே பூசணி, கத்தரி, தக்காளி என்று வட்டமாக வெட்டி அடுக்குங்கள். உப்பு, மிளகு, கறிவேப்பிலை, அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால். தண்ணீர் வேண்டாம், பூசணியும் தக்காளியும் விடும் சாறே மூடிக்குள் ஆவியாகி மற்றக் காய்களை அவிக்கும். 180 பாகையில் முக்கால் மணி நேரம், அப்புறம் மூடியை எடுத்துப் பத்து நிமிடம். போறணை இல்லாத வீட்டில் அடி கனத்த சட்டியை மெல்லிய நெருப்பில் வைத்தாலும் வேகும், மேல் மட்டும் சிவக்காது. மண்சட்டி என்றால் சூடேறிய போறணைக்குள் திடீரென வைக்காதீர்கள், வெடித்துவிடும். சட்டியை உள்ளே வைத்த பிறகே போறணையைப் போடுங்கள்.