சம்மனசு, தேவதூதன், வானதூதர்: ஒரு சொல் விளக்கம்

புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகே, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த தெருக்களின் நடுவில், 1855இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் ஒன்று நிற்கிறது. பிரெஞ்சில் அதன் பெயர் 'நோத்ர் தாம் தே ஸான்ஜ்', அதாவது சம்மனசுகளின் மாதா. ஊரார் வாயில் அது கப்புச்சின் துறவிகளின் நினைவாகக் 'கப்ஸ் கோயில்' என்றே வழங்குகிறது. அந்தப் பெயரின் கடைசியில் வரும் 'ஆன்ஜ்' என்பதற்கு இந்தப் பகுதியிலேயே பல தமிழ்ச் சொற்கள் உண்டு. கத்தோலிக்கப் பாட்டிமார் சம்மனசு என்பார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வானதூதர் என்கிறது. சீர்திருத்தச் சபையார் தேவதூதன் என்பார்கள். பரங்கிப்பேட்டை இஸ்லாமியர் மலக்கு என்பார்கள்.

இவற்றுள் மூலத்தின் ஒலிக்கு மிக நெருங்கியது மலக்குதான். எபிரேயத்தில் 'மலாக்', அரபியில் 'மலக்': இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் மலாக்கை 'ஆங்கெலோஸ்' என்றார்கள். அதுவே இலத்தீனில் 'ஆஞ்செலுஸ்', பிரெஞ்சில் 'ஆன்ஜ்', ஆங்கிலத்தில் 'ஏஞ்சல்' ஆயிற்று. மலாக், ஆங்கெலோஸ் இரண்டுக்கும் பொருள் செய்தி கொண்டுபோகிறவர் என்பதே; சிறகும் ஒளிவட்டமும் அந்தச் சொற்களுக்குள் இல்லை. சிறையிலிருந்த திருமுழுக்கு யோவான் இயேசுவிடம் அனுப்பிய ஆட்களை, லூக்கா 7:24இல், கிரேக்க மூலம் இதே சொல்லால்தான் குறிக்கிறது. அவர்கள் நடந்து போய் நடந்து திரும்பிய சாதாரண மனிதர்கள். ஆஞ்செலுஸ் என்பது அலுவலின் பெயர், இயல்பின் பெயரன்று என்று புனித அகுஸ்தீன் சொன்னதும் இதைத்தான். நற்செய்தியைக் குறிக்கும் 'எவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லும் இதே வேரில் பிறந்ததால், தூதரும் சுவிசேஷமும் மூலமொழியில் உறவினர். தமிழில் அந்த உறவு தெரிவதில்லை.

சம்மனசு என்ற சொல்லில் வடமொழி 'மனஸ்' வெளிப்படையாகவே இருக்கிறது. நல்ல மனம் உடையவர் என்று அதற்குப் பொருள் கொள்வது வழக்கம். ஆக, அது அலுவலை விட்டு இயல்பைப் பிடித்த சொல். ஆயினும் அதன் இனிமையை எளிதில் விட்டுவிட முடியாது: 'காவல் சம்மனசு' என்பதில் உள்ள நெருக்கம் 'காவல் தூதர்' என்பதில் எனக்குக் கிடைப்பதில்லை. அக்டோபர் 2 அவர்களுக்குரிய திருநாள்; மிக்கேல், கபிரியேல், ரபேல் என்னும் அதிதூதர் மூவருக்கும் செப்டம்பர் 29.

திரைப்பட மொழியாக்கங்களும் விளம்பரங்களும் பரப்பும் 'தேவதை' மட்டும் பொருந்தவே பொருந்தாது. தேவதை என்பது வழிபடப்படும் தெய்வத்தைக் குறிக்கும் சொல். விவிலியமோ இந்த இடத்தில் கறாராக இருக்கிறது: காட்சி காட்டிய தூதரின் காலில், திருவெளிப்பாட்டை எழுதிய யோவான் விழப்போகும்போது, 'வேண்டாம், நானும் உன்னைப் போல் ஊழியன்தான், கடவுளையே தொழு' என்ற கருத்தில் அந்தத் தூதர் தடுத்துவிடுகிறார் (திருவெளிப்பாடு 22:8-9). கொலோசையர் 2:18 தூதரைத் தொழுவதைக் கண்டிக்கிறது. கத்தோலிக்கர் அதிதூதரிடம் பரிந்துரை கேட்பதும் வணக்கம் செலுத்துவதும் உண்டு. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே. சீர்திருத்தச் சபையார் அந்தப் பரிந்துரையையும் கேட்பதில்லை.

அப்படியானால் வழிபாட்டில் தூதருக்கு இடம் எங்கே? நமக்கு முன்னால் நின்று பாடுகிறவர்களாக. பூசையில் 'தூயவர், தூயவர், தூயவர்' என்று நாம் பாடுவது, எசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் என்னும் ஆறு சிறகுள்ள தூதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கூவிய சொற்கள். 'உன்னதங்களிலே' கீதத்தின் தொடக்கமோ பெத்லகேம் இடையர்கள் தூதர்கள் வாயிலிருந்து கேட்டது.

தமிழுக்குத் தூது புதிதன்று. தூதுக்கென்றே குறளில் 69ஆம் அதிகாரம் இருக்கிறது. தனக்கு அழிவு வந்தாலும் அஞ்சாமல் தன் இறைவனுக்கு நன்மை தேடித் தருபவனே தூதன் என்று அது முடிகிறது. அங்கே இறைவன் என்பது அரசனைக் குறித்தாலும், கிறிஸ்தவர் வாசிக்கும்போது வேறொன்றும் சேர்ந்தே கேட்கும். ஆகவே எழுத்தில் வானதூதர் என்பதையே நான் கைக்கொள்வேன். கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிய சிறகைக் கட்டிக்கொண்டு, நழுவும் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி 'பயப்படாதீர்கள்' என்று சொல்ல வரும் சிறுமியை மட்டும் சம்மனசு என்றே அழைப்பேன்.