தாய்ப்பாலுக்கு வரவேண்டிய ஆறு வருகையும், தாய்வீட்டுக்குப் போனதும் தொலைகிற பிக்மி எண்ணும்

என் அக்கா மகளுக்குப் போன வருடம் தலைப்பிரசவம். அவள் வாக்கப்பட்ட ஊரும் எங்கள் ஊரும் ஒரே கடற்கரைதான், ஆனால் ஒன்றியம் வேறு. ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டி வந்துவிட்டோம். ஆபரேஷன் செய்துதான் பிள்ளை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது. பிள்ளை வாய் வைத்தால் இவள் அலறுகிறாள், வாய் எடுத்தால் பிள்ளை அலறுகிறது, பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு "ஏத்தா, இவளுக்குப் பால் பத்தல, டின் வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி பத்து மணிக்கு மெடிக்கலில் போய் நின்று அந்தப் பால் மாவு டின்னை வாங்கியது நான்தான்.

மறுநாள் போன் போட்டேன். அவள் புகுந்த ஊர் நர்சம்மா, "அவங்க தாய்வீட்டுக்குப் போயிட்டாங்களே, அங்க உள்ளவங்க பார்ப்பாங்க" என்றார். எங்கள் ஊரில் கேட்டால், "எங்க லிஸ்ட்ல அந்தப் பேரே இல்லைங்க" என்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை, எரிச்சலே அதுதான். இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரைக்கும், அந்தப் பக்கம் ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகாத பெண் எத்தனை பேர்? ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம் அந்தப் பட்டியலுக்கு மட்டும் தெரியவில்லை.

பிரசவம் ஆன வீட்டுக்கு சுகாதாரப் பணியாளர் வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற அந்த வருகை ஏதோ சம்பிரதாயத்துக்கு வந்துவிட்டுப் போவது என்று நினைக்காதீர்கள். பால் கொடுக்கிற அம்மாவுக்கு எது கைகொடுக்கிறது என்று நிறைய ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். டாக்காவில், பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பெண்கள் பதினைந்து தடவை வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். ஐந்தாம் மாசத்தில் அந்த வீடுகளில் நூற்றுக்கு 70 பிள்ளைகள் தாய்ப்பால் மட்டுமே குடித்தன, யாரும் போகாத வீடுகளில் வெறும் 6. அது 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வு. 2003ல் நம் நாட்டிலேயே ஹரியானாவில், அங்கன்வாடிப் பணியாளரையும் ஊர் மருத்துவச்சியையும் நர்சையும் வைத்தே செய்து பார்த்ததில், மூன்றாம் மாசத்தில் நூற்றுக்கு 79 பேர், மற்ற ஊர்களில் 48. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2022ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு, நாலு முதல் எட்டுத் தடவை வரை திட்டம் போட்டுச் சந்தித்தால் பலன் கூடலாம் என்கிறது.

இப்போது அரசாங்கக் காகிதத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் கணக்கு. ஆறு வருகை. ஆராய்ச்சி சொல்கிற நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் அச்சாக உட்காருகிறது. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை, வீட்டு வாசலில்தான் ஆள் இல்லை.

அதனால் வளைகாப்பு முடிந்து கிளம்புகிற அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதியும்போது அரசு கொடுக்கிற எண், 12 இலக்கம், ஊர் மாறினாலும் அது மாறாது. புகுந்த ஊர் நர்சம்மாவிடம் "இந்தத் தேதியிலிருந்து தாய்வீட்டில் இருப்பேன்" என்று சொல்லி, தாய்வீட்டு ஊர் நர்சம்மாவின் செல் நம்பரை அவரிடமே வாங்குங்கள். போய்ச் சேர்ந்த வாரமே கர்ப்பிணி அட்டையோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், உங்கள் பெயரை அவருடைய நோட்டில் எழுதச் சொல்லி, எழுதுகிறவரை நில்லுங்கள். "டெலிவரி ஆனதும் சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள். பிரசவம் ஆன வீட்டில் அன்றைக்கு யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்? அங்கன்வாடி டீச்சரிடமும் அப்படியே. பால் கொடுக்கிற தாய்க்குப் பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகும்வரை சத்துமாவு உண்டு, 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிற உரிமை அது. "உங்க பேரு அந்த ஊர் சென்டர்ல இருக்கு" என்றால், அந்த சென்டரில் பேசி மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கேயும் வாங்காமல் இங்கேயும் வாங்காமல் ஆறு மாசம் ஓடிப்போன பெண்களை எண்ணினால் ஒரு வேனில் ஏற்றலாம்.

சரி, பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, மொத்தம் 18,000 ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் கைக்கு வருவது 14,000தான், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டி. முன்பு ஐந்து தவணை, 2024 ஏப்ரலிலிருந்து மூன்று. கர்ப்பத்தின் நாலாம் மாசம் 6,000, பிள்ளைக்கு நாலாம் மாசம் 6,000, ஒன்பதாம் மாசம் 2,000. அம்மாவுக்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும், தடுப்பூசி தவறக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால், தவணை என்னாகும் என்று போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

தவணையை அடுக்கியிருக்கிற விதத்தைக் கவனியுங்கள். பிள்ளை பிறந்த அந்த மாசம், அம்மா எழுந்து நடக்க முடியாத மாசம், கணக்கில் ஒன்றும் விழாது. மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கும், கருவாடு காயப்போடுகிறவர்களுக்கும் முதலாளி கிடையாது, லீவும் கிடையாது. இந்தப் பணம்தான் அவர்களுக்கு லீவு. 14,000 மொத்தத்தையும் 26 வாரத்துக்குப் பங்கு வைத்தால்கூட ஒரு நாளைக்கு 77 ரூபாய் தேறும். அதிலும் பாதியளவு ஸ்கேன், ஆட்டோ என்று முன்னமே கரைந்திருக்கும். பிள்ளை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில், பிறந்துவிட்டால் விசைப்படகு வருமானமும் இல்லை. அப்படி ஒரு வீட்டுப் பெண், பிள்ளைக்கு மூன்று மாசம் ஆனதும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கினால், அவளுக்குத் தாய்ப்பாலின் மகிமையைப் பற்றி வகுப்பு எடுக்க எனக்கு வாய் வராது.

இந்தக் கொஞ்சப் பணமும் வராமல் போவது பெரும்பாலும் பாஸ்புக்கில்தான். நான் பார்த்தவரை நாலு பள்ளம். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கைக் கொடுப்பது. அது மைனர் கணக்கு, 18 வயது ஆனதும் வங்கியில் போய்க் காகிதம் கொடுத்து மாற்றவில்லை என்றால் முடங்கிக் கிடக்கும். அப்புறம், இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்காமல் போடாமல் விட்ட கணக்கு, அதுவும் செயல்படாத கணக்காகிவிடும். மூன்றாவது நம் பக்கத்துக்கே உரியது: பாண்டியன் கிராம வங்கிப் பாஸ்புக். அந்த வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது, பழைய பாஸ்புக்கில் இருக்கிற ஐ.எஃப்.எஸ்.சி குறியீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். நாலாவது பெயர். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் புருஷன் பெயர், பிக்மியில் நர்சம்மா காதில் விழுந்த பெயர். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளி உட்பட, அப்படியே மூன்றிலும் இருக்கட்டும். புருஷன் கணக்கைக் கொடுத்துப் பார்க்கிற வேலையும் வேண்டாம்.

முதல் பிள்ளைக்கு மத்திய அரசின் பங்கும் இதில் சேர்ந்திருக்கிறது, அது ஆதாரைப் பிடித்துக்கொண்டு போகிற பணம். கடைசியாக எந்த வங்கியில் ஆதாரைச் சேர்த்தீர்களோ அங்கே போய் விழும். "பணமே வரல" என்று மூன்று மாசம் அலைந்த ஒரு பெண்ணுக்கு, அவளே மறந்துபோன கணக்கில் பணம் தூங்கிக்கொண்டிருந்தது. பணம் எங்கே என்று கேட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் வங்கியைக் காட்டும், வங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்டும். முதலில் வங்கிக்குப் போய், அரசு உதவிப் பணத்துக்கு எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது என்று கேட்டு வந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். அதை நாலாம் மாசத்துக்கு முன்னாலேயே செய்யுங்கள்.

டின் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைப் பால் மாவு, பால் புட்டி இரண்டுக்கும் 1992லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, 2003ல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரைக்குமான பால் மாவுக்கு விளம்பரம் கூடாது, அம்மாவுக்கு இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது, டாக்டருக்கும் நர்சுக்கும் கமிஷனோ பரிசோ கூடாது, ஆஸ்பத்திரிச் சுவரில் அந்தக் கம்பெனி போஸ்டர் கூடாது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆபரேஷன் ஆன வார்டில் யாராவது தானாக வந்து டின் பெயரை எழுதிக் கொடுத்தால், "எதுக்காக எழுதுறீங்கன்னு சீட்டுல எழுதிக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையான மருத்துவக் காரணம் இருந்தால் எழுதுவார்கள், அதை வாங்குவதில் தப்பே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத் துணையாக ஒரு பெண் கூட இருக்க ஏற்பாடு உண்டு. அந்த ஆள் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடச் சொல்லிக் கேட்கட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிற பெரியவர்களையும் அதே ஆள்தான் சமாளிக்க வேண்டும். (பால்சுறாப் புட்டும் காரல் மீன் குழம்பும் தாராளமாகச் சாப்பிடட்டும், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.)

மீன் கம்பெனி, இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தனிக் கதை. பிரசவத் தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பி வந்தபின் பிள்ளைக்கு 15 மாசம் ஆகும்வரை தினம் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை, சாப்பாட்டு நேரம் போக. 50 பேர் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். "நீ காண்ட்ராக்ட் ஆளு, கிலோ கணக்குக் கூலி, உனக்கு இது கிடையாது" என்று சூப்பர்வைசர் சொல்வார். ஏஜென்சி மூலம் வந்தவருக்கும் உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் 80 நாளை நிரூபிக்க வேண்டியது நீங்கள். கூலிச் சீட்டு, கேட் பாஸ், வருகைப் பதிவில் உங்கள் பெயர் வரும் பக்கம், எதுவானாலும் செல்லில் படம் எடுத்து வையுங்கள். வயிறு தெரிய ஆரம்பிக்கிற மாசம் நோட்டில் பெயர் காணாமல் போவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த டின் பாதியோடு நின்றது. ஒன்பதாம் நாள் தையல் பார்க்கப் போன இடத்தில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், "காம்பை மட்டும் கவ்வுது, அதான் வலி. கறுப்பு வட்டமும் வாய்க்குள்ள போகணும்" என்று சொல்லி, பிள்ளையின் வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் பிடித்து, கட்டியிருந்த பாலைக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் காட்டினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ வீட்டுக்கு வந்து யாராவது காட்டியிருக்க வேண்டிய பத்து நிமிஷம். உங்கள் வீட்டுக்கு ஏழாம் நாள் வரை யாரும் வரவில்லை என்றால் எட்டாம் நாள் காலையில் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் போட்டு, பிக்மி எண்ணையும் பிள்ளை பிறந்த தேதியையும் இப்போது இருக்கிற ஊரையும் சொல்லுங்கள்.