ஸ்ட்ரெஸ் டெஸ்ட்: அழுத்தச் சோதனையா, தகைவுச் சோதனையா?

ஒன்றை எல்லைவரை நெருக்கி, தாங்குகிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பதை அழுத்தச் சோதனை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். வேறு துறைகளில் அது ஒத்துப்போகலாம். ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் நினைவக மேலாண்மை பற்றி எழுதும்போது இடறுகிறது. அங்கே அழுத்தம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது.

லினக்ஸில் காலி நினைவகம் குறைந்துபோய், புதிதாகக் கேட்கும் நிரலுக்குக் கொடுப்பதற்காகப் பழைய பக்கங்களை (நினைவகத்தைப் பிரித்து வைத்திருக்கும் சிறு துண்டுகளை) மீட்டெடுக்க வேண்டிய நிலைக்கு மெமரி பிரஷர் என்று பெயர். 2018 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பிலிருந்து இதை அளக்கவே தனி வசதி உண்டு. நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் தேங்கி நின்றன என்பதைக் கர்னலே விழுக்காட்டில் காட்டும். பிரஷருக்குத் தமிழில் அழுத்தம்தான் சரி. ஸ்ட்ரெஸுக்கும் அதையே போட்டால் 'அழுத்தச் சோதனையில் அழுத்தம் கூடியது' என்று எழுத நேரும். நாம் செய்தது எது, அதனால் விளைந்தது எது என்று வாசகருக்குப் புரியாது.

ஸ்ட்ரெஸின் வேர் 'இறுக்கிக் கட்டு' என்ற பொருளுடைய ஸ்ட்ரிங்கெரே என்னும் இலத்தீன் வினை. ஸ்ட்ரிக்ட், ஸ்ட்ரெயின் எல்லாம் அந்தக் குடும்பம்தான். துன்பம், நெருக்கடி என்ற பொருளில் ஆங்கிலத்தில் புழங்கிய சொல் பிறகு பொறியியலுக்கு வந்தது. இந்தக் கருத்துக்கு 1820களில் கணித வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சுக் கணிதர் கோஷி. மன அழுத்தம் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு, ஸ்ட்ரெயின் என்றால் திரிபு. தகைதல் என்றால் தடுத்தல், கட்டுதல். ஒரு கம்பியை இழுக்கும்போது அதன் உள்ளே எழும் எதிர்விசை, ஓர் அலகுப் பரப்புக்கு எவ்வளவு என்பதே தகைவு. இந்தச் சொல்லை ஆக்கியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வெளியே இருந்து போடும் சுமையை விட்டுவிட்டு, உள்ளே எது தாங்கி நிற்கிறது என்பதைச் சொல்கிறது இது.

கர்னல் சோதனையும் அதைத்தான் பார்க்கிறது. ரேமை வேண்டுமென்றே சுருக்கிக் கணினியைத் தொடங்குவார்கள். பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இருப்பதைவிட அதிக நினைவகம் கேட்க வைப்பார்கள். ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற கருவிகள் பக்கங்களைக் கேட்டு வாங்கி, எழுதி, திருப்பிக் கொடுத்து, மறுபடியும் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கங்கள் வட்டில் அவற்றுக்கென ஒதுக்கிய இடமான ஸ்வாப்புக்குப் போய்த் திரும்பும்; எழுதியது மாறாமல் வந்ததா என்று சரிபார்ப்பார்கள். கர்னல் உறைந்ததா, நினைவகம் கசிந்ததா (வாங்கியது திரும்பாமல் போனதா), இடமே இல்லாதபோது கொல்லக்கூடாத நிரலைக் கொன்றதா என்றும் பார்ப்பார்கள். இரண்டு செயலிகள் ஒரே பக்கத்தை ஒரே கணத்தில் தொடும்போது மட்டும் வெளிப்படும் பிழைகள் உண்டு. மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஓட்டினால்தான் அவை சிக்கும்.

நினைவக மேலாண்மையில் கை வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2001இல் பார்க்கலாம். கர்னல் நிரலாளர் ரிக் வான் ரீல் எழுதியிருந்த நினைவக மேலாண்மைப் பகுதியை எடுத்துவிட்டு, இன்னொரு நிரலாளரான ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதியதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2.4.10 பதிப்பில் சேர்த்தார். அது பெரிய மாற்றங்களை எதிர்பார்க்காத நிலையான பதிப்பு வரிசை என்பதால் பெரிய சர்ச்சை எழுந்தது. முக்கியக் கர்னல் நிரலாளரான ஆலன் காக்ஸ், தான் தனியாகப் பராமரித்த கர்னல் கிளையில் பழையதையே சில காலம் வைத்திருந்தார்.

ஆகவே என் பரிந்துரை தகைவுச் சோதனை. எதிர்பார்க்கும் அளவுக்கு வேலை கொடுத்து வேகத்தைப் பார்க்கும் லோட் டெஸ்ட்டுக்குச் சுமைச் சோதனை. மெமரி பிரஷர் நினைவக அழுத்தமாகவே இருக்கட்டும். 'தகைவுச் சோதனையின்போது நினைவக அழுத்தம் கூடியது. கர்னல் உறையவில்லை' என்று எழுதினால் குழப்பம் இல்லை.